முறிகண்டியில் ஒரு சின்ன எஞ்சினுக்கு இடம் கேட்டு: புகையிரதத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய புகையிரதத் திணைக்களப் பொது முகாமையாளர் அவர்களுக்கும், இயந்திரப் பகுதிப் பொறியியலாளர்களுக்கும்,

வணக்கம். நான் நாற்பது வருடத்துக்கு மேல் வன்னியில் மெசின் திருத்திப் பிழைத்தவன். அரிசி ஆலை எஞ்சின், தண்ணீர்ப் பம்பு, உழவு இயந்திரம், லாண்ட்மாஸ்டர் என்று கைக்கு வந்ததையெல்லாம் திருத்தியிருக்கிறேன். என் அப்பா உங்கள் திணைக்களத்தில் மாங்குளம் பக்கம் லயின் வேலை பார்த்தவர். சுத்தியலும் நீளச் சாவியும் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்தே காலத்தைக் கழித்தவர். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றுதான். யார்டுக்குள் பெட்டிகளைத் தள்ளிப் பிரித்துச் சேர்க்கும் சின்ன ஷன்டிங் எஞ்சின்கள் வேலைக்காலம் முடிந்ததும் ‘கண்டம்’, அதாவது கழித்துவிட்டது, என்று எழுதப்படுகின்றன. அவற்றில் ஒன்றை, இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுக்காமல், வன்னியில் ஏ9 வீதியோரம் இருக்கும் எங்கள் முறிகண்டிக்குத் தாருங்கள். அரைக் கிலோமீற்றர் தண்டவாளமும் மழை படாத ஒரு கொட்டகையும் அதற்குப் போதும். அதை ஓடுகிற நிலையில் வைத்திருக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எந்த எஞ்சின் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவுக்குக் கிடைத்த வாரன்றில், அதாவது இலவசப் பயணச் சீட்டில், முதல்முதல் கொழும்புக்குப் போனேன். யாழ்தேவியை இழுத்துவந்த பெரிய எஞ்சினைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டுப் போனது. ஆனால் மருதானை யார்டில் என் கண்ணில் ஒட்டிக்கொண்டது வேறு. கட்டையான, சதுர முகமுள்ள ஒரு எஞ்சின். மூன்று அச்சு, ஆறு சில்லு. வெறும் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, தள்ளி, விட்டுவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைப் பிடித்தது. மாட்டுப்பட்டியில் கன்றுகளைப் பிரித்துக் கட்டுகிற ஆளைப் போல அவ்வளவு பொறுமை. அப்பா சொன்னார், “பெரிய கோச்சி ஓடுறது இது வேலை செய்தால்தான்.” இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெற் கம்பனி 1969இல் நமக்குச் செய்து அனுப்பிய ‘வை’ (Y) வகை எஞ்சின் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். டீசல் எஞ்சின் சுற்ற, அந்த விசையை எண்ணெய் கடத்திச் சில்லுக்குக் கொடுக்கும் வகை. சுரங்கத்திலும் துறைமுகத்திலும் ஆலை முற்றத்திலும் ஓடிய தொழிற்சாலை எஞ்சின்களின் பரம்பரையில் வந்தது.

கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில் தேசியப் புகையிரத நூதனசாலையைத் திறந்தீர்கள். நல்ல காரியம். வைஸ்ரோய் ஸ்பெஷல் என்ற நீராவிக் கோச்சியையும் பல வருடமாகக் காப்பாற்றி வந்திருக்கிறீர்கள். களனிப் பள்ளத்தாக்கின் ஒடுக்கப் பாதையில் ஓடிய சென்டினல் நீராவிப் பெட்டியும் தப்பியிருக்கிறது. இவற்றுக்காக உழைத்த உங்கள் தொழிலாளர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் பெயரும் பெருமையும் உள்ள எஞ்சினைக் காப்பாற்ற எப்போதும் ஆள் இருக்கும். முற்றத்தில் மாடாய் உழைத்ததைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சட்டத்தை நம்பியும் இருக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத்தான் தொல்பொருள் என்கிறது. இந்த நாட்டில் முதல் கோச்சி ஓடியதே 1864இல். அப்படியென்றால் ஒரு எஞ்சின் கூட அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. உங்கள் மேசையில் ஒரு கையெழுத்து விழுவதும் விழாததும்தான் அதன் ஆயுள்.

என் தங்கையின் மகன் லீட்ஸில் இருக்கிறான். அவன் அனுப்பிய படங்களையும் கடிதங்களையும் பார்த்துத்தான் அந்த நகரத்து மிடில்டன் றெயில்வேயைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நிலக்கரி இழுப்பதற்காகப் போட்ட பாதை அது. 1758இலேயே அதற்காக இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1812இல் மத்தியூ மறே செய்த நீராவி எஞ்சின்கள் அதில் ஓடின. தண்டவாளத்தின் பக்கத்தில் பற்கள் வைத்து, அதில் பற்சில்லு கடித்து ஏறுகிற மாதிரி. அப்புறம் காலம் மாறி அந்தப் பாதை அழியப் போன நேரத்தில், 1960இல், பல்கலைக்கழக மாணவர்களும் ஊரவர்களும் சேர்ந்து அதைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் முதலில் ஓட்டியது அழகான நீராவி எஞ்சின் அல்ல. 1932இல் ஹன்ஸ்லெற் செய்த ஒரு சின்ன டீசல் ஷன்டர். கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கினார்கள். இருபது வருடத்துக்கு மேல் அக்கம்பக்கத்து ஆலைகளுக்குச் சரக்கும் இழுத்துக் கொடுத்தார்கள், சம்பளம் வாங்காமல். இன்றைக்கு அங்கே லீட்ஸ் நகரத்தில் செய்த எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. ஹன்ஸ்லெற் கம்பனியின் பழைய ஆலை 1995இல் மூடப்பட்டுவிட்டது. செய்த இடம் போய்விட்டது. செய்தவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம்முடைய ‘வை’ வகை எஞ்சின் பிறந்ததும் அதே ஆலையில்தான். அதன் உடன்பிறப்புகளுக்கு அங்கே எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்கள். இங்கே காஸ் கட்டர் காத்திருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் தலிதிலின் என்று இன்னொரு பாதை. மலையிலிருந்து பலகைக்கல் இறக்குவதற்காக 1860களில் போட்டது. அதன் உரிமையாளர் 1950இல் இறந்துவிட, எல்.ரி.சி. றோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் ஒரு கூட்டம் கூட்டிப் பாதையைப் பொறுப்பெடுத்தார்கள். தொண்டர்கள் கைக்கு வந்த உலகின் முதல் றெயில் பாதை அது. 1951இல் அவர்கள் தொடங்கும்போது அங்கே ஓடக்கூடிய நிலையில் இருந்தது டொல்கொக் என்ற ஒரேயொரு எஞ்சின். 1866இல் செய்தது, அதுவும் தேய்ந்து போனது. மூடப்பட்ட அயல் பாதை ஒன்றிலிருந்து இரண்டு சின்ன எஞ்சின்களை வாங்கிச் சேர்த்துச் சமாளித்தார்கள். டொல்கொக் இன்றும் இருக்கிறது.

இந்தப் பாதைகளைப் படித்ததில் ஒரு விசயம் எனக்குத் தெளிவானது. பெரிய எஞ்சினை வைத்து ஒரு ஊர்ச் சங்கத்தால் சமாளிக்க முடியாது. பாரம் கூட, எரிபொருள் கூட, வளைவில் திரும்பாது, பாலம் தாங்காது. சின்னது எங்கும் நுழையும், முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும், நாலு பேர் சேர்ந்தால் கழற்றிப் பூட்டலாம். ஹன்ஸ்லெற் கம்பனி இரண்டாம் உலகப் போருக்காக 1943இலிருந்து ஒரு கட்டையான நீராவி எஞ்சின் செய்தது. கொதிகலனின் முதுகில் சேணம் போலத் தண்ணீர்த் தாங்கி வைத்தது. மொத்தம் 485 செய்தார்கள், மற்றக் கம்பனிகள் செய்ததும் சேர்த்து. போர் முடிந்ததும் அதில் பல நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போயின. சுரங்கங்கள் மூடியதும் பாரம்பரியப் பாதைகளுக்கு வந்தன. போருக்கென்று பிறந்த எஞ்சின் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது.

இங்கே, ஆனையிறவில் ஏ9 வீதியோரம், இரும்புத் தகடு பொருத்திய ஒரு புல்டோசர் நிற்கிறது. 1991 சமரில் இராணுவ முகாமைத் தாக்கப் புலிகள் கொண்டுவந்தது. பஸ்ஸில் போகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை வைத்திருப்பது சரியா பிழையா என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அதைக் கடக்கும்போதும் மெசின்காரனான எனக்கு ஒன்று தோன்றும். அதுவும் மண் தள்ளவென்று செய்த மெசின்தானே. வன்னியில் இத்தனை வருடம் மண் தள்ளி, நெல் குத்தி, தண்ணீர் இறைத்த மெசின்கள் எத்தனை. வீதியோரம் நிறுத்திப் பாதுகாத்து நான் கண்டது போர் செய்ததை மட்டும்.

வன்னியில் தொழில் இருந்ததே பலருக்கு இப்போது தெரியாது. ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. காங்கேசன்துறைச் சீமெந்துக்கு முருங்கனில் வெட்டிய களிமண் றெயிலில் போனது. ஒட்டுசுட்டானில் ஓடு சுட்டார்கள். இதெல்லாம் சொன்னால் என் பேரப்பிள்ளை கதை என்று நினைக்கிறான். அவன் பார்த்தது புல்லு முளைத்த சுவரைத்தான். ஒரு ஊர் உழைத்தது என்பதற்குப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். களிமண் பெட்டியையோ உப்புப் பெட்டியையோ இனித் தேடி எடுக்க முடியாது. அவற்றைப் போன்ற பெட்டிகளைத் தள்ளிய எஞ்சின் ஒன்றையாவது காட்டலாம்.

நான் இப்படிக் கெஞ்சுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் தொழில் பழகிய அரிசி ஆலையில் ஒற்றைச் சிலிண்டர் எண்ணெய் எஞ்சின் ஒன்று இருந்தது. என் உயரத்துக்கு இரண்டு பறக்கும் சில்லு. காலையில் அதன் தலையை ஊதுவிளக்கால் காய்ச்சி, செந்நிறம் வந்தபிறகு சில்லைப் பிடித்து ஒரு உந்து உந்தவேண்டும். ‘டொக்’ என்று ஒரு சத்தம், ஒரு இடைவெளி, மறுபடி ‘டொக்’. அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஊர் எழும்பும். இடப்பெயர்வுகளில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. செல் விழுந்தும் தப்பியது. 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது, கூரை இல்லாத ஆலைக்குள் அப்படியே நின்றது. பிஸ்டன் இறுகியிருந்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெயும் எண்ணெயும் ஊற்றி ஒரு கிழமை ஊறவிட்டிருந்தால் விட்டிருக்கும். நான் ஆள் சேர்த்துக்கொண்டு போவதற்குள் பழைய இரும்பு லொறி வந்துவிட்டது. பெயர்த் தகட்டைக்கூடக் கழற்றி எடுக்க விடவில்லை. அதில் எஞ்சினைச் செய்த கம்பனியின் பெயரும் இலக்கமும் இருந்தன. நான் ஒரு தடவையாவது அதை எழுதி வைத்திருக்கவேண்டும். அந்த இலக்கம் இப்போது எங்கும் இல்லை.

ஆகவே எங்களுக்கு எஞ்சின் தருவதற்கு முன்னாலேயே நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. கண்டம் பண்ணும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் படம் எடுத்து, செய்த கம்பனி, இலக்கம், வருடம், எந்த யார்டில் எவ்வளவு காலம் நின்றது என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை எல்லோரும் பார்க்கும்படி போட்ட பிறகு ஏலம் கூறுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

‘உங்களால் பராமரிக்க முடியுமா’ என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி நின்றது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, ஸ்பெயார் இல்லை. காபிரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். வோஷரை லொறி ரியூப்பில் வெட்டினோம், புஷ்ஷை லேத்தில் கடைந்தோம். அந்தக் கைகள் பல இப்போது அறுபது, எழுபது வயதில் வீட்டில் சும்மா இருக்கின்றன. தொழில் தெரிந்தவன் போனால் தொழிலும் போய்விடும். கிளிநொச்சி, வவுனியா தொழில்நுட்பப் பிள்ளைகளை அவர்களோடு ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் விட்டால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடல் கடந்து திருச்சி பொன்மலை ஆலையில், நீலகிரி மலைப் பாதைக்காகப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து ஓடவிட்டார்கள். நாங்கள் கேட்பது அதில் நூறில் ஒரு பங்கு வேலை.

சிமெந்து மேடையில் ஏற்றிப் பெயின்ற் அடித்து வேலி போடுவதற்காக ஒரு எஞ்சின் தருவதென்றால், தயவுசெய்து தரவேண்டாம். நின்ற மெசின் உள்ளே சாகும். நீராவி எஞ்சினாக இருந்தால், துடைக்காமல் விட்ட சாம்பலில் மழைத்தண்ணீர் சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். டீசலாக இருந்தால், தாங்கியில் தண்ணீர் வேர்க்கும், எண்ணெய் வடிந்து பெயறிங் வறளும், ஒரே இடத்தில் பாரம் நிற்பதால் உருளைகள் பள்ளம் விழுத்தும், ரப்பர் சீல் வெடிக்கும், புகைக்குழாயில் குளவி கூடு கட்டும். வன்னியின் மாரி மழையும் பங்குனி, சித்திரை வெயிலும் சேர்ந்தால் பெயின்ற் மூன்று வருடம் தாங்காது. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, சூடேற விட்டு, பிரேக்குக் காற்று ஏறுகிறதா என்று பார்த்து, அரைக் கிலோமீற்றர் போய் வரவேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. தேர் வருடத்தில் ஒரு நாள்தான் ஓடும். ஆனால் அந்த ஒரு நாளுக்காக அச்சுப் பார்த்து, சில்லுப் பார்த்து, வடம் பார்த்து, கொட்டகைக்குள் வைத்திருப்போம். இங்கிலாந்தில் பாரம்பரியப் பாதை எஞ்சின்களின் கொதிகலனைச் சுமார் பத்து வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, குழாய் மாற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்து மறுபடி பூட்டுகிறார்கள். குழாயெல்லாம் மாற்றிய பிறகு அது பழைய எஞ்சின்தானா என்று அவர்களுக்குள் ஓயாத வாதம். நம்மவர்களுக்கு அந்த வாதம் விளங்காது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்கிற கோயிலை யாராவது புதுக் கோயில் என்று சொல்வார்களா?

இன்னொரு கேள்வியை உங்களைவிட என் ஊரவர்களே கேட்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017இலிருந்து தாய்மார் கிளிநொச்சியில் போராடுகிறார்கள். காணி விடுபடாத குடும்பங்கள் இருக்கின்றன. இந்த நேரத்தில் பழைய இரும்புக்கா பாடு? அந்தத் தாய்மாரின் கண்ணைப் பார்த்து நான் எஞ்சின் கதை சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கிடைக்கவேண்டியதில் ஒரு சதத்தையும் இதற்கு எடுக்கக்கூடாது. அதனால்தான் நான் உங்களிடம் காசு கேட்கவில்லை. எப்படியும் வெட்டப்படப் போகிற ஒரு இரும்பையும், எங்காவது பாதை மாற்றும்போது கழற்றிய பழைய தண்டவாளத்தையும் கேட்கிறேன். எங்கள் பழைய தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகிப் போனது உங்களுக்குத் தெரியும். அப்பா இறுக்கிய ஆணிகள் எந்த மண்ணுக்குள் கிடக்கின்றனவோ.

ஏன் முறிகண்டி? தெற்கே போனாலும் வடக்கே போனாலும் எல்லா வாகனமும் பிள்ளையாருக்கு நிற்கும். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி விட்டுத்தான் ஏறுவார்கள். ஆட்களைக் கூப்பிட விளம்பரம் தேவையில்லை. கோச்சிப் பாதையும் பக்கத்தில்தான். இன்னொரு காரணமும் உண்டு. 1985 ஜனவரி 19 அன்று யாழ்தேவி குண்டில் சிதறியது இந்த முறிகண்டிப் பகுதியில்தான். அதில் போனவர்களை நான் மறக்கவில்லை. அந்தப் பாதையின் பக்கத்தில் ஓட ஒரு எஞ்சினை உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒரே கொட்டகையில் நின்று, ஒரே எண்ணெய்க் கையோடு பூட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. உங்கள் இரத்மலானை வேலைத்தளத்திலிருந்து ஓய்வுபெற்ற பிற்றர்மார் இரண்டு பேர் வந்தாலும் போதும். சிங்களமும் தமிழும் கலந்து பேசி வேலை நடக்கும். ஸ்பானரின் அளவு இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

முதல் வேலையாக ஒரு பொறியியலாளரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது, மழை தொடங்கினால் அந்த நிலம் சேறு. கொட்டகைக்குக் கூரைத் தகடும் மரமும் சேர்ப்பதாக ஏழு பேர் சொல்லியிருக்கிறார்கள், அதில் இருவர் லேத்து வைத்திருப்பவர்கள். எஞ்சினின் இலக்கத்தை முன்கூட்டியே அறிவித்தால், அதன் பாகப் படங்களை லீட்ஸில் தேடி எடுக்க என் மருமகன் ஆயத்தமாக இருக்கிறான். வருகிற அன்று மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெசின் பிற்றர் ஒருவர்,
முறிகண்டி